கப்பல் ஏறிய இரண்டாம் இரவில் கை ஏன் நடுங்கியது?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. குடியாத்தம் அருகே ஒரு கிராமம். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் மோட்டார்மேன் வேலை. எட்டு, ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் ஊரில். ஊரில் இருக்கும்போது தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கு மேலும் குடிப்பேன். ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது, இரத்தச் சோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 64. உள்ளங்கை சிவந்திருக்கிறது. அது கல்லீரல் சுருக்கத்தின் அறிகுறி என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. அளவாக ரம் குடித்தால் சளி அண்டாது என்று ராணுவத்தில் இருந்த அப்பா சொல்கிறார். கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு மாத்திரை போடுகிறேன். அதோடு மது சேரலாமா? போன முறை சென்னையில் விமானம் ஏறுமுன் குடித்தேன். கப்பல் ஏறிய இரண்டாம் இரவு கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிப்போன தூக்க மாத்திரையைப் போட்டேன், நான்கு நாளில் சரியாகிவிட்டது. எங்கள் கப்பலில் கேப்டன் அனுமதியோடு பீர் கிடைக்கும். நீண்ட பயணத்தில் தினம் ஒன்று குடித்துவந்தால் அந்த நடுக்கம் வராதல்லவா? கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் இங்கே யாரிடமும் காட்டவில்லை. மனைவி, குடியை மறக்கச் செய்யும் பொடி என்று ஒன்றை இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் 24 நாளில் கப்பல் ஏற வேண்டும்.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்றுதான்: கப்பல் ஏறிய இரண்டாம் இரவு. கல்லீரலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டுவிட்டு, அந்த இரவைப் போகிறபோக்கில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதை, உயிருக்கு வந்த ஆபத்து அந்த ஒரு முறை விலகிப்போனது என்றே நான் படிக்கிறேன்.

நாள்தோறும் மது உள்ளே போகும்போது மூளையின் இயக்கம் தணிக்கப்படுகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே வருகிறது. மூன்று மாத விடுப்பு முழுவதும் இப்படிப் பழகிய மூளைக்குத் திடீரென்று மது நின்றுபோனால், தணிப்பதற்கு எதுவும் இல்லாமல் அந்தக் கிளர்ச்சி முழுவதும் ஒரேயடியாக வெளிப்படும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நாடித்துடிப்பும் காய்ச்சலும் ஏறி, இடம் எது, நேரம் எது, எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாத குழப்பம் வந்து, இல்லாத உருவங்களும் குரல்களும் தோன்றும். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று நாங்கள் அழைக்கும் இந்த நிலை, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. சென்னை விமான நிலையத்தில் கடைசியாகக் குடித்ததிலிருந்து கப்பலில் உங்கள் இரண்டாம் இரவு வரை எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரல் மிகச் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது.

காலெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒருவரை நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்தேன். தினமும் குடிப்பவர் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்நுனியில் மெதுவாகப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு வெளியே போட்டார். போர்வையில் ஓர் எறும்புகூட இல்லை. அன்று மதியம் அவருக்கு வலிப்பு வந்தது. செவிலியர் பத்தடி தூரத்தில் இருந்ததால் அவர் பிழைத்தார். உங்களுக்கு அதே நேரம் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: எஞ்சின் அறையின் இரும்பு ஏணியில், சுழலும் இயந்திரங்களுக்கு நடுவில்.

சரக்குக் கப்பலில் டாக்டர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் செல்லும், மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணங்களுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். இருபத்தைந்து பேர் செல்லும் கப்பலில் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் மருந்துப்பெட்டியைத் திறந்து, கரையிலுள்ள மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுப்பார். ரோம் நகரத்தில் 1935இல் தொடங்கப்பட்ட சி.ஐ.ஆர்.எம். என்ற மையம், கப்பல்களுக்குத் தொலைவிலிருந்தே மருத்துவ ஆலோசனை சொல்லும் இந்த வேலையை இன்றும் செய்துவருகிறது. அவர்கள் சொல்லும் ஆலோசனை நல்ல ஆலோசனைதான். ஆனால் நடுக்கடலில் வலிப்பு அடுத்தடுத்து வரும் ஒருவருக்குத் தேவைப்படும் தொடர் கண்காணிப்பை, கரையில் இருப்பவர் குரல் வழியாகக் கொடுக்க முடியாது. ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் கப்பல் பல நாள் ஓடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தினம் ஒரு பீர் குடித்தால் நடுக்கம் வராதல்லவா என்று கேட்கிறீர்கள். நடுக்கம் வராமல் இருப்பதற்காக ஒருவர் குடிக்க நினைக்கிறார் என்றாலே, அவருக்கு மது மருந்தாகிவிட்டது, அதாவது உடல் அதற்கு அடிமைப்பட்டுவிட்டது என்று பொருள். உங்கள் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு சிறிய (330 மில்லி) கேன் சாதாரண பீரில் இருப்பது அதில் நான்கில் ஒரு பங்குகூட வராது. அது நடுக்கத்தைத் தடுக்கப் போதாது. பழக்கத்தை உயிரோடு வைத்திருக்க மட்டும் போதும். அதையும் கேப்டன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அடுத்த துறைமுகம் மதுவைத் தடைசெய்த நாட்டில் இருக்கலாம், இருப்பு தீர்ந்துபோகலாம். அப்போது போன முறை நடந்ததே மறுபடியும் நடக்கும், பெரும்பாலும் அதைவிடக் கடுமையாக. ஏனென்றால் இப்படித் திடீரென்று நின்று மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அடுத்த முறை வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்டுதோறும் விடுப்பு முடிந்து கப்பல் ஏறும் நீங்கள், ஆண்டுதோறும் இந்தச் சோதனையை உங்கள் மூளையின் மேல் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே உங்களைப் பொறுத்தவரை கப்பலில் ஒரு துளியும் வேண்டாம். அதற்கான ஏற்பாட்டைக் கரையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

இதைப் படித்ததும் இன்றிரவே வீம்பாக நிறுத்திவிடாதீர்கள். நீங்களாக அளவைக் குறைக்கும் அட்டவணையும் போட வேண்டாம். நாளையோ மறுநாளோ வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவுக்கோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ செல்லுங்கள். பாகாயம் என்றதும் தயங்குபவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தால் நான் இழந்த நோயாளிகள் உண்டு, அதனால் கேட்டுக்கொள்கிறேன், தயங்காதீர்கள். உங்களைப் போல் ஏற்கெனவே குரல் கேட்டவரைப் பெரும்பாலும் சில நாட்கள் உள்நோயாளியாக வைத்து, கை நடுக்கத்தையும் நாடியையும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, அதற்கேற்ப மருந்தைக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகக் கொடுப்பார்கள். பிறகு, மீண்டும் குடிக்கத் தூண்டும் ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. 24 நாள் இதற்குப் போதும். நான்கு நாள் போதாது. போவதற்குள் நடுக்கம் கடுமையானாலோ, வலிப்பு, குழப்பம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது என எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் குடியைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையில் வாங்கிய அந்தத் தூக்க மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது. சீட்டில்லாமல் அதை விற்றவருக்கு நீங்கள் எவ்வளவு குடிப்பீர்கள் என்று தெரியாது, உங்கள் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அந்த வகை மாத்திரையைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம் என்பது உண்மை. ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிறோம். மதுவும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். பல நிறுவனங்கள் நடத்தும் சிறுநீர்ச் சோதனையில் அந்த மருந்தும் தெரியும். சீட்டு இல்லாமல் அது உடலில் இருந்தால், குடியைவிடப் பெரிய சிக்கலை நீங்களே தேடிக்கொள்கிறீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததென்றால் கையில் கடிதம் இருக்கும்.

அதேபோல், உடம்பு தளர்ந்தால் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. நாட்பட்டுக் குடிப்பவரின் உடலில் தயாமின் வற்றியிருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் மூளை பாதிப்பு தூண்டப்படலாம். டிரிப்ஸ் கேட்டு வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கிய பொடியை உங்கள் மனைவி இன்றே குப்பையில் போடட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருள் அது. மது உள்ளே போனால் உடல் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் நீங்கள் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரும். அக்கறையால் வாங்கியிருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்த அக்கறையோடு உங்களுடன் மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் நிலைக் கொழுப்பும் எஸ்ஜிபிடி 64ம் சுருக்கம் அல்ல; மதுவை நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும் நிலை. உள்ளங்கைச் சிவப்பு பல காரணங்களால் வரும். டீசலிலும் கறைநீக்கும் திரவங்களிலும் கை நனைக்கும் உங்களுக்கு அது எதையும் நிரூபிக்கவில்லை. கண் மஞ்சளானால், வயிறு உப்பினால், கறுப்பாக மலம் போனால் அன்றே வாருங்கள். மற்றபடி அந்தக் காணொளியை மறந்துவிடுங்கள். ரம் சளியைத் தடுக்காது. குளிருக்கும் உதவாது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூடு போல் உணரச் செய்துவிட்டு, உடலின் உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது. உங்கள் தந்தையிடம் இதை மரியாதையோடு சொல்லுங்கள். குமட்டலுக்கான மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. இரண்டும் உறக்கத்தைக் கூட்டும், மது உள்காதின் சமநிலையைக் கெடுத்துக் குமட்டலையும் வளர்க்கும்.

கடலோடிக்கு மது இல்லாமல் முடியுமா என்று உங்களோடு வேலை செய்பவர்கள் கேட்பார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மாலுமிகளுக்குத் தினப்படி ரம் அளந்து கொடுத்த பிரிட்டிஷ் கடற்படையே, நுட்பமான இயந்திரங்களைக் கையாளும் கப்பலுக்கு அது ஒத்துவராது என்று 1970 ஜூலை 31 அன்று அந்த வழக்கத்தை முடித்துக்கொண்டது. இன்றைய பன்னாட்டு விதி, பணியில் இருப்பவருக்கு இரத்தத்தில் 0.05 சதவீதம் அல்லது வெளிவிடும் மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்பதையே உச்சவரம்பாக வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதையும் அனுமதிப்பதில்லை. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்றும். இரவு பத்து மணிக்குக் குவார்ட்டர் குடித்தவர் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும் வாட்ச் என்ற பணிமுறைக்கு எழும்போதும் அவர் உடலில் மது மிச்சம் இருக்கக்கூடும். வேலூர் வெயிலே தாழ்வு என்னும்படியான எஞ்சின் அறைச் சூட்டில், சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் மதுவும் சேர்ந்தால் உடல் எத்தனை விரைவில் வறண்டுபோகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை போய்விடும் என்ற அச்சமே உங்களை இதுவரை மருத்துவரிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நீங்கள் சிகிச்சைக்குப் போவதை எந்த மருத்துவரும் உங்கள் அனுமதியில்லாமல் நிறுவனத்துக்குச் சொல்ல மாட்டார். கப்பல் வேலைக்கான உடல்தகுதிச் சான்றிதழ் தரும் மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். சிகிச்சை முடித்து, தெளிவான கண்ணோடு, கடிதத்தோடு வருபவரை அவர் பார்க்கும் விதம் வேறு. 24 நாளில் ஏற வேண்டாம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சொன்னால், இந்த ஒப்பந்தத்தை விட்டுவிடுங்கள். அடுத்த கப்பல் வரும்.

மருத்துவமனையில் உங்கள் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்ப்பார்கள். தாள் படபடப்பதைக் கண்டு வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்கும்போது மனைவி பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் குறைத்துச் சொல்லும் அளவை அவர் சரியாகச் சொல்வார். வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரை அட்டையையும் ஸ்கேன் அறிக்கையையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.