கழுத்து நோவும் ராத்திரி வட்ஸ்அப்பும்

கேள்வி: அக்கா, கொழும்பு கோட்டையில ஒரு ஒஃபிஸ்ல எக்கவுண்ட்ஸ் பாக்கிறன். காலமை கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தா பின்னேரம் வரைக்கும் அதுதான், கண் எரியுது, கழுத்து நோகுது, வீட்ட வந்தாலும் மனேஜர் வட்ஸ்அப்ல ஃபைல் கேக்கிறார். பக்கத்து மேசைப் பிள்ளையோடயே சட்லதான் கதைக்கிறன். என்ன செய்றது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ஸ்கிரீனைப் பாக்கேக்க நாங்கள் கண் சிமிட்டுறது நல்லாக் குறைஞ்சிடும், அதோட ஏசிக் காத்தும் முகத்தில அடிச்சா கண் காஞ்சுபோய் எரியத்தான் செய்யும். 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடிக்கு அங்கால உள்ள எதையாவது 20 செக்கன் பாருங்கோ (யன்னலால கடல் தெரிஞ்சா உங்கட அதிர்ஷ்டம்). ஸ்கிரீனின்ர மேல் விளிம்பு கண் மட்டத்தில இருக்கவேணும், லப்டொப் எண்டா கீழ தடிச்ச ஃபைலுகளை வைச்சு உயர்த்திப்போட்டு தனிக் கீபோர்ட் கேளுங்கோ. கை விறைக்கத் தொடங்கினா டொக்டரிட்ட காட்டுங்கோ, தைலத்தோட இழுத்தடிக்காதைங்கோ. பக்கத்து மேசைப் பிள்ளையை ரீ குடிக்கக் கூப்பிடுங்கோ, எழும்பி நடந்த மாதிரியும் இருக்கும்.

மனேஜர் விசயம்தான் கஷ்டம். 1954ம் ஆண்டு 19ம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 எண்டு இருக்கு, மேலதிகமா செய்தா ஒண்டரை மடங்கு ஓவர்டைம். இதைச் சொல்லி சண்டை பிடிக்கச் சொல்லேல்லை, ஆனா ராத்திரி எத்தினை மணிக்கு என்ன கேட்டவர், செய்ய எவ்வளவு நேரம் போச்சு எண்டு ஒரு கொப்பியில எழுதி, மாச முடிவில அதைக் காட்டி ஓவர்டைமா போடலாமோ எண்டு மரியாதையா கேளுங்கோ. சரிவரேல்லை எண்டா நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களம் இருக்கு, அங்க போய் விசாரிக்கலாம்.