எக்ஸ்மவுத்துக்குக் கேரவனில் ஒரு பயணம்: கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வடக்கே ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் தொலைவில், ஒருபுறம் வளைகுடாவும் மறுபுறம் நிங்கலூ பவளத்திட்டும் அமைய, ஒரு நீண்ட நிலமுனையில் இருக்கிறது எக்ஸ்மவுத். கேரவனில், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியில், அங்கே செல்ல விரும்பும் குடும்பத்தினர் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

ஐயா, பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். அப்போது போகலாமா?

அந்த மாதங்களில் கேரவனில் போக வேண்டாம். வெயில் அடிக்கடி 40 பாகையைத் தாண்டும். மின்வசதி இல்லாத முகாமில் சிறுபிள்ளைகளால் பகல் பொழுதைத் தாங்க முடியாது. அத்துடன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். 1999 மார்ச்சில் வீசிய வான்ஸ் புயலின்போது அருகிலுள்ள லேர்மன்த்தில் மணிக்கு 267 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள காலமே கேரவனுக்கு ஏற்றது. என்னைக் கேட்டால் ஆகஸ்டைச் சொல்வேன். பகலில் இதமான வெப்பம் இருக்கும், கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம், ஜூலை விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும்.

எக்ஸ்மவுத்தை அடுத்துள்ள கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குள் தங்க இடம் எப்படிப் பெறுவது? நேரில் போனால் கிடைக்காதா?

கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். பூங்காவின் கடற்கரை முகாம்கள் அனைத்துக்கும் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். 180 நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கிறது, நல்ல மாதங்களுக்குரிய இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஆஸ்ப்ரே பே, குராஜாங், மெசா ஆகியவை கேரவனுக்கு ஏற்றவை. பதிவு செய்யும்போது உங்கள் கேரவனின் நீளம் அந்த இடத்துக்குப் பொருந்துமா என்றும், ஜெனரேட்டர் அனுமதிக்கப்படும் பகுதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காதவர்கள் சாலையோரம் எங்காவது நிறுத்தித் தூங்கலாம் என்று எண்ணுவதுண்டு. எக்ஸ்மவுத்தைச் சுற்றி அதற்கு அனுமதி இல்லை, அபராதம் விதிப்பார்கள். முதலில் பூங்கா இடத்தை உறுதிசெய்துவிட்டு, அதன் பிறகு அலுவலகத்தில் விடுப்புக் கேளுங்கள்.

எங்கள் கார் 3,000 கிலோ இழுக்கும் என்று விற்றவர் சொன்னார். கேரவனின் மொத்த எடை 2,500 கிலோதான். ஆகவே கவலை இல்லை அல்லவா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழியில் நேரும் விபத்துகள் பலவற்றுக்கு எடைக் கணக்கில் நேரும் பிழையே காரணம். கேரவனின் தகட்டில் ஏடிஎம் என்று குறிக்கப்பட்டிருப்பது அது ஏற்றிச்செல்லக்கூடிய அனைத்தும் சேர்ந்த உச்ச எடை. டேர் என்பது வெற்று எடை. உங்கள் கேரவனின் வெற்று எடை 2,050 கிலோ என்றால், ஏற்றுவதற்கு 450 கிலோதான் மிச்சம். 180 லிட்டர் தண்ணீரே 180 கிலோ ஆகிவிடும். நிரம்பிய 9 கிலோ எரிவாயு உருளைகள் இரண்டு 35 கிலோவுக்கு மேல். கூடாரம், கூடுதல் மின்கலம், நாற்காலிகள், உணவுப் பொருட்கள், துணிமணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது, காரின் பின்னால் கேரவனைக் கோக்கும் கொக்கிப் பந்தின்மேல் இறங்கும் எடை. கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்குவது நல்லது. அதாவது உங்கள் கேரவனுக்கு ஏறத்தாழ 250 கிலோ. இதைக் காரே சுமக்கிறது என்பதால், பயணிகளின் எடையுடனும் காருக்குள் வைக்கும் பொருட்களின் எடையுடனும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கார், கேரவன் இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கும் தனியே ஒரு வரம்பு உண்டு. 3,000 கிலோ இழுக்கும் என்ற ஒற்றை எண் இவற்றில் எதையும் சொல்வதில்லை. புறப்படும் முன் முழுச் சுமையுடன் பொது எடைமேடையில் ஏற்றி நிறுத்திப் பாருங்கள்.

கனமான பொருட்களைக் கேரவனின் சக்கர அச்சுக்கு அருகே தாழ்வாக வையுங்கள். பின்புறம் கனத்தால் கேரவன் வால்போல ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் கார் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஓட்டுநர் கைக்கெட்டும் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும்.

இரண்டே நாளில் ஓட்டிச் சேர்ந்துவிட முடியுமா, அண்ணா?

இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாலும் முயல வேண்டாம். மாநிலத்தில் கேரவன் இழுத்துச் செல்லும்போது உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 90ஐ ஒட்டி ஓட்டுவது எரிபொருளுக்கும் நல்லது. அந்தி சாய்ந்த பிறகு கங்காருகளும் ஈமுக்களும் வேலியில்லாத மாடுகளும் சாலைக்கு வரும் என்பதால், பகல் வெளிச்சம்தான் உங்கள் ஓட்டும் நேரம். ஜெரால்ட்டனில் ஓர் இரவு, ஓவர்லாண்டர் சாலையோர நிலையத்தை அடுத்த பகுதியிலோ கார்னார்வனிலோ அடுத்த இரவுகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கார்னார்வனில் அரை நாள் தங்குவது வீண்போகாது. அங்கே காஸ்காயின் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகத் தெரியும். நம் பாலாற்றைப் போல நீர் மணலுக்கு அடியில் இருக்கிறது, அதைக்கொண்டு வாழையும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். பழங்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்னார்வனுக்கும் எக்ஸ்மவுத்துக்கும் இடையே ஏறத்தாழ 365 கிலோமீட்டர். மினில்யாவில் எரிபொருள் நிரப்பாமல் கடக்க வேண்டாம். எதிரே வரும், பின்னே வரும் ரோடு டிரெயின்கள் (பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் லாரிகள்) 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அவை முந்த முயலும்போது உங்கள் தடத்திலேயே சீராகச் செல்லுங்கள். யூஎச்எஃப் வானொலி இருந்தால் 40ஆம் அலைவரிசையில் ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளலாம்.

பூங்காவுக்குள் குடிநீர், சமையல், கைபேசித் தொடர்பு எப்படி?

குடிநீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, கைபேசித் தொடர்பும் பெரும்பாலான இடங்களில் இல்லை. நீங்கள் கொண்டுபோவதுதான் உண்டு. குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, மேல் துடைக்க எல்லாமும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று திட்டமிடுவது என் வழக்கம்; நால்வர் ஐந்து நாள் தங்க 200 லிட்டர் ஆகும். இவ்வளவையும் பெர்த்திலிருந்தே சுமந்து வர வேண்டியதில்லை. எக்ஸ்மவுத் ஊருக்குள் கேரவன் பூங்காவில் (கேரவன்களை நிறுத்தித் தங்கும் கட்டண இடம்) ஓர் இரவு தங்கி, தொட்டியை நிரப்பி, துணி துவைத்து, கழிவறைப் பெட்டியையும் காலிசெய்துவிட்டுத் தேசியப் பூங்காவுக்குள் போங்கள்.

விறகு, கரி எதற்கும் அனுமதி இல்லை. எரிவாயு அடுப்பு மட்டுமே. இட்லி மாவை எடுத்துச் செல்வோர் குளிர்பெட்டியிலிருந்து தேவையான அளவு மட்டும் வெளியே எடுக்க வேண்டும், அங்குள்ள வெப்பத்தில் மாவு சீக்கிரம் புளித்துவிடும்.

தேசியப் பூங்காவில் உள்ள டர்க்காய்ஸ் விரிகுடாவில் நீந்துவது ஆபத்து என்கிறார்களே?

முறை தெரிந்து இறங்கினால் ஆஸ்திரேலியாவிலேயே மிகச் சிறந்த ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாயுடன் மிதந்து நீருக்கடியில் பார்த்தல்) இடங்களுள் அது ஒன்று. படகின்றி, கரையிலிருந்து சில அடிகளிலேயே பவளத்தை அடைந்துவிடலாம். அங்கே நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. கடற்கரையில் தெற்கே சில நூறு மீட்டர் நடந்து சென்று இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்து வந்து, மணல்முனைக்கு முன்பாகவே கரையேறிவிட வேண்டும். முனையைத் தாண்டினால், பவளத்திட்டின் இடைவெளி வழியாக நீர் வெளிக்கடலுக்கு இழுத்துச் செல்லும். அதை எதிர்த்து நீந்த முடியாது. சிறுபிள்ளைகளும் நீச்சல் நன்கு அறியாதவர்களும் பக்கத்திலேயே உள்ள அமைதியான விரிகுடாப் பகுதியில் மட்டும் இறங்கட்டும். அன்றன்றைய நிலையை பூங்காவின் மில்யரிங் பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், ஒரு காலடியில் முறிவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. வெயில் தடுப்புக் களிம்புக்குப் பதிலாக முழுக்கைச் சட்டை அணிந்தால் உங்கள் தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

திமிங்கலச் சுறாவைப் பார்க்க வேண்டும் என்பது என் மகளின் ஆசை.

அப்படியானால் மார்ச் முதல் ஜூலை வரையுள்ள பருவத்தில் போங்கள். கேரவனுக்கும் ஒத்துவருவது மே, ஜூன் மாதங்கள். உரிமம் பெற்ற படகில், விமானம் மேலிருந்து இடம் காட்ட, சுறாவுக்கு அருகே இறக்கிவிடுவார்கள். உடலிலிருந்து 3 மீட்டரும் வாலிலிருந்து 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும், தொடக் கூடாது. கட்டணம் அதிகம், ஆயினும் இந்தப் பயணத்தில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் வேறொன்றைக் குறையுங்கள்.

நாயை அழைத்துச் செல்லலாமா?

தேசியப் பூங்காவுக்குள் கூடாது. ஊருக்குள்ளும் நாய்களை ஏற்கும் கேரவன் பூங்காவா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மாவையும் அழைத்துப் போக எண்ணுகிறேன். இருவருக்கும் எழுபது வயது கடந்துவிட்டது.

அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அவர்களுக்காகத் திட்டத்தை மாற்றுங்கள். இரவில் கேரவனின் படியில் இறங்கி இருட்டில் கழிவறைக்கு நடப்பது அவர்களுக்குக் கடினம். ஆகவே ஊருக்குள் உள்ள கேரவன் பூங்காவில் அவர்களுக்கு ஒரு சிற்றறை எடுத்து, அதற்கு அருகிலேயே மின்வசதியுள்ள இடத்தில் நீங்கள் தங்கலாம். பூங்காவின் யார்டி க்ரீக் வரை தார்ச்சாலை இருப்பதால், கேரவனை ஊரிலேயே விட்டுவிட்டுக் காரில் பகலில் போய்வர இயலும். மாலையில் விளாமிங் முனைக் கலங்கரை விளக்கத்தின் குன்றுக்குக் காரிலேயே ஏறிச் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம். ஊரில் சிறிய மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் பெர்த்துக்குக் கொண்டுபோக நேரும் என்பதால், அவர்களின் பயணக் காப்பீடு அதை ஏற்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள். மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை வெள்ளத்தில் நெடுஞ்சாலை மூடப்பட்டால் அங்கேயே சில நாட்கள் காத்திருக்க வேண்டிவரும்.