இரண்டாயிரம் ரூபாயும் கோயில் கிடாரமும்

கேள்வி: எங்கள் ஊரில் சித்திரையில் மூன்று நாள் விழா வைக்கப்போகிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஓர் இரவு கூத்து, கடைசி நாள் இசைக்குழு. வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே? விழாவால் ஊருக்கு என்ன நன்மை?
(வாசகர் ஒருவர், படுவான்கரை, மட்டக்களப்பு)

பதில்: தாராளமாகக் கொடுங்கள், யார் மறித்தது? விழா இல்லாத வருடங்களில் அந்த இரண்டாயிரம் எந்தப் பிள்ளைக்குப் போனது என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நோட்டீசு வாசலுக்கு வந்த பிறகுதான் பலருக்கு ஏழைப் பிள்ளைகளின் ஞாபகமே வருகிறது.

நன்மை கேட்டீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பாடசாலையில் சனம் வந்து ஏறியது விடியற்காலையில். நிவாரண லொறி வந்தது மறுநாள். இடையில் பசிக்குமல்லவா? கோயிலில் சமைக்கும் பெரிய பாத்திரமான கிடாரம் இரண்டை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தார்கள். முந்நூறு பேருக்கு எத்தனை கொத்து அரிசி, யார் வீட்டுப் பரணில் நனையாத விறகு இருக்கும், பருப்புக்கு உப்புப் பார்க்க எந்த அக்காவைக் கூப்பிடுவது என்று ஒருவரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. வைகாசியில் வரும் கண்ணகி அம்மன் சடங்கு என்ற கோயில் விழாவில் வருடா வருடம் அன்னதானம் சமைத்த அதே கைகள்தான். அந்தப் பழக்கத்தை வெள்ளம் வந்த அன்று காலையில் காசு கொடுத்து வாங்க முடியாது, ஐயா.

கூத்தை "ஓர் இரவு" என்று எழுதிவிட்டீர்கள். சட்டம் என்ற பாட்டுப் பிரதியை ஆடுபவர்களுக்குக் கொடுத்து, கிழமைக் கூத்து என்று வாராவாரம் ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அதன் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஆகும் வேலை. பகலில் மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் பொடியன் இரவில் வடமோடி என்ற கூத்து வகையில் அருச்சுனன். கந்தோரில் கையெழுத்துப் போடும் துரை அவனுக்கு முன்னால் வரவு சொல்லும் கட்டியகாரன். தாளம் பிசகினால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துவார், இரண்டு பேருக்கும் ஒரே ஏச்சு. இதை வேறு எங்கே காட்டுவீர்கள்?

விழா என்றால் சண்டையும் வருமே என்பீர்கள். வரும்தான். நம்முடைய பழைய ஆட்கள் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள்: கொம்புமுறி. வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டு கட்சியாகும். வளைந்த மரக் கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோல்வி. வென்றவர்களின் வசைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புருசன் ஒரு சேரி, பெண்சாதி மறு சேரி என்றால் அன்றிரவு சோறு கிடைத்ததா என்பது வேறு கதை.

சரி, உங்களோடு நான் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. அந்தக் கடைசி நாள் இசைக்குழு. வெளியூரிலிருந்து வருவார்கள், இரவு பத்துக்குப் பிறகு தொடங்குவார்கள், விடியுமுன் காசோடு போய்விடுவார்கள். பதினொரு மணிக்கு மைதானத்தைப் பாருங்கள்: தாய்மார் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள், மிச்சம் நிற்பது குடித்துவிட்டு ஆடும் ஆம்பிளைகள். இதற்குப் பெயர் குடும்ப விழாவா? விளையாட்டுக்கு அவ்வளவு செலவில்லை: வழுக்குமரத்துக்கு ஒரு கமுகும் கொஞ்சம் கிரீசும் போதும். முட்டி உடைக்க ஒரு மண் பானை. கச்சான் விற்கும் பெண்ணிடம் போகிற காசு அடுத்த நாளே ஊர்க் கடையில் மாறும். இசைக்குழுவை விட்டால் மிஞ்சுகிற பணத்தில் கழிப்பறை, நல்ல வெளிச்சம், கிழவிகள் கால் நீட்டி இருக்க நாலு பாய் என்று பார்த்தால் பெண்கள் விடியும்வரை இருந்து கூத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே இரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். செலவுக் கணக்கை வாசிக்கும்போது இசைக்குழு என்ற வரி வரும். அந்த இடத்தில் எழுந்து, உங்கள் ஏழைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்.