பிறந்த குழந்தைகளுக்கான தாதிப் பராமரிப்பில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

வசதி குறைந்த நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கான தாதிப் பராமரிப்பை மேம்படுத்த முதலில் என்ன செய்யலாம் என்பது கேள்வி. மட்டக்களப்பு மாவட்டத்தில் பதினொரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். என் பதில்: தாயைப் பிள்ளையோடு இருக்க விடுங்கள். மெஷின் எல்லாம் அதற்குப் பிறகு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. 1,700 கிராம் பிள்ளை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை, நன்றாகத் தூங்குகிறது என்று நானும் விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் வந்த மூத்த தாதி துணியை விலக்கிப் பாதத்தைப் பிடித்தார், பிறகு வயிற்றில் புறங்கையை வைத்தார். “இஞ்ச தொட்டுப் பார், தங்கச்சி.” இரண்டும் சில்லென்று இருந்தன. தெர்மோமீட்டரில் 35.2 பாகை செல்சியஸ். குறைந்தது 36.5 இருக்க வேண்டும். பாதம் மட்டும் குளிர்ந்தால் பிள்ளை குளிரோடு போராடுகிறது. வயிறும் குளிர்ந்தால் தோற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை அழாது, பாலும் குடிக்காது. இரத்தத்தில் சீனி இறங்கும், மூச்சும் தடுமாறும்.

தாயை எழுப்பினோம். படுவான்கரைப் பக்கத்துப் பெண், முதல் பிரசவம். “மிஸ், நான் தொட்டா புள்ளைக்கு ஒண்டும் ஆகாதா?” என்று பயந்தாள். தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, பிள்ளையை அவளுடைய வெறும் நெஞ்சில் வைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டினோம். விடியுமுன் 36.7. வாயைத் திறந்து முலை தேடத் தொடங்கியிருந்தது.

இந்தக் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியூபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. முன்பெல்லாம் பிள்ளையின் நிலைமை சீரானபின் செய்வோம். எடை குறைந்த, குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பிறந்ததும் மூச்செடுக்காத பிள்ளைகளுக்கு வேறு உதவி வேண்டும், அது தனிக்கதை.

சரி, நாளெல்லாம் நெஞ்சில் வைத்திருக்கும் தாய் எங்கே சாய்வாள், என்ன சாப்பிடுவாள்? அவள் குளிக்கப் போகும்போது அம்மம்மாவை உள்ளே விடுகிறோமா? அங்கேதான் திட்டங்கள் சறுக்குகின்றன. இன்னொன்று, பிள்ளைகளின் நிறத்தையும் மூச்சையும் பார்த்தே நிலைமையைச் சொல்லும் தாதியை, அந்தக் கண் வாய்த்த நேரத்தில் வேறு வாட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அதை நிறுத்த வேண்டும்.

வாட்டுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று வெளிநாட்டிலிருந்து சிலர் கேட்பார்கள். நான் சாய்மனைக் கதிரை கேட்பேன், கட்டிலுக்கு ஒன்று.