இடுப்பு வலிக்கும் சுய இன்பத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று, நான்கு முறை சுய இன்பம் செய்யும் பழக்கம் உண்டு. ஐந்து மாதங்களாகக் கீழ் முதுகில் வலி இருக்கிறது. காலையில் எழும்போது இடுப்பு விறைத்துக் கிடக்கிறது. குளித்துவிட்டு நடமாடத் தொடங்கிய பிறகுதான் இளகுகிறது. மாதம் ஒரு முறை லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் ஒருவர், தண்டுவடத்தில் உள்ள சத்துதான் விந்தாக வெளியேறுகிறது என்றும், மூன்று மாதம் லேகியம் சாப்பிடாவிட்டால் நரம்புத் தளர்ச்சி வந்து திருமணமே செய்துகொள்ள முடியாது என்றும் சொல்கிறார். உண்மையா, டாக்டர்?

பதில்: உண்மையில்லை. விந்தணுக்கள் விரைகளில் உருவாகின்றன; அவற்றோடு சேரும் திரவத்தின் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பைகளிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பங்கு ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் தனியான உறைக்குள் இருப்பது. அதற்கும் பிறப்புறுப்புக்கும் இடையே எந்தப் பாதையும் கிடையாது. ஒரு முறை வெளியேறும் விந்து பொதுவாக ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டாது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதிலுள்ள சிறிதளவு புரதம், சர்க்கரை, துத்தநாகம் ஆகியவை அன்றாடச் சாப்பாட்டிலேயே ஈடாகிவிடும். ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தத்துக்குச் சமம் என்ற கணக்கையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சொல்பவரைப் பொறுத்து அந்த எண் நாற்பது, அறுபது, நூறு என்று ஏறிக்கொண்டே போகும் என்பதிலிருந்தே அதன் இலட்சணம் தெரியவில்லையா?

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ இதே கருத்தைப் புத்தகமாகவே எழுதி ஐரோப்பாவை நீண்ட காலம் நடுங்க வைத்தார். விந்து வீணாவதால்தான் தமக்கு அசதியும் உடல்வலியும் பலவீனமும் வருகின்றன என்று நம்பி மருத்துவரிடம் வரும் இளைஞர்களின் நிலைக்கு, இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். அவர்கள் பொய் சொல்வதில்லை. வலி நிஜமாகவே இருக்கும். குற்ற உணர்வும் பதற்றமும் தசைகளை இறுக்கி, தூக்கத்தைக் கெடுத்து, சிறு வலியையும் பெரிதாக உணரச் செய்கின்றன. கட்டிலில் வெகுநேரம் வளைந்து கிடந்தால் தசை பிடித்துக்கொள்ளலாம். மடிக்கணினியோடு அப்படிக் கிடந்தாலும் அதேதான் நடக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொரு வரி. சாதாரணத் தசைப்பிடிப்பு பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும்; உங்களுக்கோ நடமாடினால்தான் இளகுகிறது. நாற்பது வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரமாவது விறைப்போடு இருக்கும் இடுப்பு வலி என்றால், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி நோய் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா, எப்போதாவது கண் சிவந்து வலித்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவாத நோய் நிபுணர் இரத்தப் பரிசோதனையோடு முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளுக்கு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்வார்; தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரே சரியாகவே இருப்பதுண்டு என்பதால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, குனியவே முடியாமல் போகும். உரிய மருந்தும் உடற்பயிற்சியும் இருந்தால் வேலை, திருமணம், தாம்பத்தியம் எதற்கும் தடையில்லை.

லேகியத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெயரும் உட்பொருளும் அச்சிடாத இத்தகைய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. வலி குறைந்ததுபோல் தோன்றும், உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது.

கேள்வி: வயது 36, மதுரை. விந்து வெளியேறிய பிறகு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலி எடுத்து இடுப்பு வரை பரவுகிறது. சிறுநீர் கழிக்கும்போதும் எரிச்சல். சுய இன்பம், தாம்பத்தியம் இரண்டையும் நிறுத்திவிட்டேன். செய்தது சரியா?

பதில்: நிறுத்த வேண்டிய அவசியமில்லை, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் குறிகள் ப்ராஸ்டேட் அழற்சிக்கும், சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கத்துக்கும் பொருந்துகின்றன. விந்து வெளியேறும்போது இவை சுருங்குவதால் அப்போது வலி தெரிகிறது. வலியை உண்டாக்கியது பழக்கம் அல்ல. சிறுநீரகவியல் மருத்துவரிடம் சென்று சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையும், தேவையென்றால் பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி பலருக்கு உதவுகிறது. குளிர்க்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இடுப்பு வலியோடு ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலும், கால்கள் பலம் இழந்தாலும் அப்படியே. அது தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: என் வயது 29. வெள்ளைப்படுதல் இருப்பதால் எலும்பு உருகி வெளியேறுகிறது, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது என்று மாமியார் சொல்கிறார். திருமணத்துக்கு முன் சுய இன்பம் செய்ததுதான் காரணமோ என்று உள்ளுக்குள் பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டுமே காரணமில்லை, அம்மா. எலும்பு உருகி எந்த வழியாகவும் வெளியே வராது. நிறமும் நாற்றமும் இல்லாத வெள்ளைப்படுதல், கருப்பை வாயும் பிறப்புறுப்பின் உட்சுவரும் சுரக்கும் இயல்பான நீர்; மாதவிடாய்ச் சுழற்சியின் நடுப்பகுதியில் அது கூடுவதும் இயல்பே. கெட்ட நாற்றம், அரிப்பு, பச்சை அல்லது மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்; இடுப்பறையில் தொற்று இருந்தால் இடுப்பும் வலிக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால், குடம் தூக்குவது, குழந்தையை ஒரே பக்கம் இடுப்பில் சுமப்பது போன்றவற்றை முதலில் கவனியுங்கள். படுத்தே ஓய்வெடுக்காமல் தினமும் நடங்கள். ஆறு வாரங்களில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.