போட்டிக் கம்பெனியின் ‘கம்பி டெஸ்ட்’ பற்றி வாடிக்கையாளர் கேட்டால்

வணக்கம். நீங்கள் விற்ற யூவி ஃபில்டர் (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) தண்ணீரில் போட்டிக் கம்பெனி சேல்ஸ்மேன் மின்சாரம் பாயும் கம்பியை விட்டு, தண்ணீர் பழுப்பானதும் ‘பாருங்க, அழுக்கு’ என்று ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பையும் வடிகட்டும் கருவி) விற்கப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் உங்கள் கருத்தைக் கேட்கிறார். ‘அவன் ஃப்ராடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் நாளைக்கே அந்த சேல்ஸ்மேன் கைக்குப் போகும். அவதூறு வழக்குக்கு அது ஒன்றே போதும்.

ஆளை விடுங்கள், டெஸ்டைப் பேசுங்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாவது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. நேரில் போய், அதே ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வாய் திறக்கவே வேண்டாம்.

‘நானும் ஃபில்டர் விற்பவன்தான்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 180 என்று நீங்கள் எழுதியது சரியென்றால், குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 ஏற்கும் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட் டிடிஎஸ் மீட்டரில் தனியாகத் தெரியாது. போர்வெல் தண்ணீர் என்றால் லேப் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அளவு மீறியிருந்தால் யூவி அதை நீக்காது, ஆர்ஓதான் சரி என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அந்த ஆர்டர் போனாலும் பரவாயில்லை.