சிங்கப்பூரில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா? வெயில், மழை, தூரம் இவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈசூனில் வீடு, நகரத்தில் அலுவலகம், கார் வாங்கும் எண்ணம் இல்லை, ரயில் நெரிசல் அலுத்துவிட்டது, சைக்கிளில் போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். நான் அங் மோ கியோவிலிருந்து நகரத்தில் பென்கூலன் ஸ்திரீட் பக்கம் உள்ள அலுவலகத்துக்குச் சில ஆண்டுகளாகப் பெரும்பாலான நாள்கள் சைக்கிளில்தான் போய் வருகிறேன். வெயில், மழை, தூரம் மூன்றும் போகப் போகப் பழகிவிடும். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் முக்கியம்: அலுவலகக் கட்டடத்தில் குளிக்க இடம் உண்டா, சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டா? இந்த இரண்டும் இருந்தால் ஈசூன் என்ன, அதைவிடத் தள்ளியிருக்கும் உட்லண்ட்ஸிலிருந்தே வரலாம். இல்லாவிட்டால் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தோ பாயோவிலிருந்து வருவதுகூடச் சிரமம்தான்.

கார் பேச்சை விட்டுவிடுவோம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்க வேண்டிய அனுமதி, 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. கார் இன்னும் கைக்கு வரவில்லை, காகிதத்துக்கு மட்டும் அவ்வளவு.

காலையில் ஆறரை மணிக்குக் கிளம்புகிறேன். அப்போது நன்றாக இருட்டியிருக்கும். சிங்கப்பூர் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் நமக்கு ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. சைக்கிளில் போகிறவருக்கு இது ஒரு வரம். வெயில் ஏறுவதற்குள் பாதி வழியைத் தாண்டிவிடலாம். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் கறுப்புச் சட்டையோடு மெதுவோட்டம் ஓடுகிறவர்களை நீங்கள் பார்க்கும்போதுதான் விளக்கில்லாத நீங்கள் அவர்களுக்கு எப்படித் தெரிவீர்கள் என்பது புரியும்.

என் வழியில் பெரும்பகுதி காலாங் ஆற்றை ஒட்டியே போகிறது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் படுகை வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குள் ஒரு காலத்தில் அது நேர்கோட்டில் வெட்டிய கான்கிரீட் கால்வாயாக இருந்தது. 2012-இல் அதை வளைந்து நெளியும் ஆறாக மாற்றித் திறந்தார்கள். காலையில் அங்கே வயதானவர்கள் கை வீசி நடப்பார்கள், சிலர் தாய்ச்சி பயிற்சி செய்வார்கள், ஒருவர் சட்டைப்பையில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு போவார். நீர்நாய்க் குடும்பம் பாதையைக் கடந்தால் எல்லோரும் நின்றுவிட வேண்டும். அன்று தாமதமாகப் போனால் மேலாளரிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடையாது, அவர் நம்புகிறாரோ இல்லையோ.

பூங்கா இணைப்புப் பாதை தீவு முழுவதும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவை வார இறுதி உலாவுக்காகப் போட்ட பாதைகள் என்பது வேலைநாளில்தான் தெரியும். பெரிய சாலை குறுக்கிடும் இடத்தில் பாதை திடீரென்று முடிந்துவிடும். நடப்பவர்களுக்கான மேம்பாலத்தில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதில் ஓட்டினால் அபராதம். நகரத்துக்குள் நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. பென்கூலன் ஸ்திரீட்டில் நிலத்தடி ரயில் நிலைய வேலை முடிந்ததும் நான்கு தடச் சாலையை இரண்டாகக் குறைத்து, மிச்ச இடத்தைச் சைக்கிள் பாதைக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். கார்களிடமிருந்து இடத்தைப் பிடுங்கிச் சைக்கிளுக்குக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தெருவில்தான். சிறிய தெரு, அதனால் அதிகம் பெருமைப்படவும் முடியவில்லை.

இனி வியர்வை. இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

விடியற்காலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை எதிர்க்காற்று வியர்வையை ஓரளவு உலர்த்திவிடும், பெரிதாக எதுவும் தெரியாது. நின்ற மறுநிமிடம் ஊற்றெடுக்கும். உடலின் சூடு அடங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் அவசரமாகக் குளித்துச் சட்டையைப் போட்டால், குளித்த பிறகும் வியர்த்து, உலர்ந்த சட்டையும் நனைந்துவிடும். கடைசி ஒரு கிலோமீட்டரை நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு வாருங்கள். வந்ததும் காப்பிக்கடையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தேநீர், இங்கே சொல்வதுபோல் ‘தே ஓ கோசோங்’, குடியுங்கள். பிறகு குளியுங்கள். எனக்கு லிட்டில் இந்தியாவின் சந்தையும் உணவுக்கடைகளும் உள்ள தேக்கா நிலையம் வழியில் இருப்பதால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். பஃப்ளோ சாலையில் பூக்கடைக்காரர்கள் சரம் கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

முதுகுப்பை வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முதுகில் அதன் வடிவத்திலேயே சட்டை நனைந்திருக்கும். பின்னால் கேரியர் மாட்டிப் பையை அதில் கட்டிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ரயிலில் போய், மற்ற நாள்களுக்கான சட்டைகளை அலுவலகத்தில் தொங்கவிட்டு வாருங்கள். காலணியும் அங்கேயே இருக்கட்டும். இன்னொன்று, தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துத் தலைக்கவசத்தை மாட்டாதீர்கள். பீஷானைத் தாண்டும்போது எண்ணெய் கண்ணுக்குள் இறங்கும். என் அம்மாவுக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.

குளியலறை, நிறுத்துமிடம் என்று நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முன்பு வேலை செய்த கட்டடத்தில் இரண்டும் இல்லை. சைக்கிளை முன்கூடத்தில் தள்ளிக்கொண்டு போகக்கூடாது, சரக்கு மின்தூக்கியிலும் ஏற்றக்கூடாது, வெளியே கம்பியில் பூட்டினால் அகற்றிவிடுவோம் என்று மஞ்சள் காகிதத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். கார் நிறுத்துமிடம் மட்டும் மூன்று தளம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில் ஒளிந்து துடைத்துக்கொள்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே இருந்தவரை ரயிலில்தான் போனேன். இப்போதைய கட்டடத்தில் அடித்தளத்தில் சைக்கிள் நிறுத்துமிடமும் இரண்டு குளியலறைகளும் இருக்கின்றன. தூரம் பழையதைவிட அதிகம், ஆனாலும் ஓட்டுகிறேன்.

மழைக்கு வருவோம். ஆண்டில் 170 நாள் அளவுக்கு மழை பெய்யும் ஊர் இது. ஆனால் பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மாலையில் அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்பினால் போதும். தொல்லை தருவது ‘சுமத்ரா’ எனப்படும் காற்றுமழைதான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியலுக்கு முன்னால் வரிசை கட்டி வரும், சரியாக நாம் கிளம்பும் நேரத்தில். காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும், மரக்கிளைகள் விழும், மின்னல் வேறு. வானிலை ஆய்வகத்தின் ரேடார் படத்தில் மேற்கிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வில் நகர்ந்து வருவதைப் பார்த்தால் அன்று ரயில்தான், வீரம் காட்ட வேண்டாம். அதே படம் ஒரு மணி நேரம் கழித்து வெறிச்சென்று இருக்கும். வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க அனுமதிக்கும் அலுவலகம் என்றால் காத்திருந்து போகலாம். ஆற்றோரப் பாதையில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மழையில் ஆறு மளமளவென்று ஏறும். பீஷான் பூங்காவில் எச்சரிக்கை விளக்கும் அபாயச் சங்கும் வைத்திருப்பது அலங்காரத்துக்காக இல்லை.

மழைச்சட்டை போட்டால் என்ன என்று தோன்றும். இந்த ஊர் வெக்கையில் அதைப் போட்டால் உள்ளிருந்து நனைவீர்கள். நான் போடுவதில்லை. எப்படியும் போய்க் குளிக்கத்தானே போகிறோம்? பைக்கு மட்டும் உறை போடுகிறேன்.

விதிகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், அடிக்கடி மாறுகின்றன. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டன. இது நியாயம் என்றே நினைக்கிறேன். கைத்தடியோடு நடக்கும் பாட்டிக்குப் பின்னால் போய் மணியடித்தால் அவர் பயந்து எந்தப் பக்கம் நகர்வார் என்று அவருக்கே தெரியாது. மணியடிக்காமல் வேகத்தைக் குறைத்து, “எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுக் கடந்தால் பலர் சிரித்துக்கொண்டே வழி விடுகிறார்கள். சாலையில் எனக்கு பஸ் ஓட்டுநர்களிடம் பயமில்லை, பொறுமையாகப் பின்னால் வருவார்கள். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறப்பதுதான் பயம்.

சைக்கிளில் வேலைக்குப் போவது என்றதும் இங்கே பலருக்கு இறுக்கமான ஆடையும் கார்பன் சைக்கிளும் நினைவுக்கு வருகின்றன. துவாஸ், சுங்கை காடுட், காக்கி புக்கிட் தொழிற்பேட்டைகள் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் பழைய சைக்கிளில் போகும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஊர்த் தம்பிகள்தான் இந்தத் தீவின் உண்மையான சைக்கிள்காரர்கள். முன்னால் சாப்பாட்டுப் பை தொங்கும், ஹேண்டில்பாரில் தலைக்கவசத்துக்குப் பதில் கட்டுமான வேலைத் தொப்பி தொங்கும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிய அண்ணன் ஒருவர் விட்டுச்சென்ற சைக்கிளாம் அது. தான் போகும்போது அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவாராம். “லாரிக்குக் காத்திருக்க வேண்டாம் அண்ணே, வேலை முடிந்தால் நான் நினைத்த நேரத்துக்குக் கடைக்குப் போய் வரலாம்” என்றார். அந்தச் சைக்கிளில் விளக்கு இல்லை. கனரக லாரிகள் ஓடும் சாலைகள் அவை. புதிய குடியிருப்புப் பேட்டைகளில் சிவப்பு நிறச் சைக்கிள் பாதை போடுகிறவர்கள் அந்தப் பக்கமும் முதலிலேயே போயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. இந்த ஈரத்தில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், மழையில் நனைந்த அன்றே துடைத்து எண்ணெய் விட வேண்டும். வீட்டில் எங்கே வைப்பது என்பதுதான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் தலைவலி. தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், தீயணைப்பு விதி அது. கீழ்த்தளத்தில் பூட்டினால் விளக்கையும் இருக்கையையும் கழற்றி எடுத்து வந்துவிடுங்கள். திருட்டு குறைந்த ஊர்தான், ஆனால் என் பக்கத்து வீட்டு அங்கிளிடம் இருக்கை இல்லாத சைக்கிள் ஒன்று இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஈசூன் என்றால் என்னைவிடத் தூரம் அதிகம். முதல் மாதமே இரு வழியும் ஓட்ட முயன்றால் வெறுத்துவிடும். மடக்கு சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழையதே போதும். காலையில் அதை மடித்து ரயிலில் கொண்டுபோய், மாலையில் மட்டும் ஓட்டி வாருங்கள். வீட்டுக்கு வியர்த்து வந்தால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. குளியலறை கிடைக்கும்வரை இப்படியே ஓட்டலாம். மாலையில் கால்கள் ஓய்ந்துவிட்டால் பாதி வழியில் எந்த நிலையத்திலும் ஏறிக்கொள்ளலாம். மடித்தால் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் ரயிலிலும் பஸ்ஸிலும் நாள் முழுவதும் அனுமதி உண்டு. கடையில் வாங்கும்போதே மடித்து அளந்து பாருங்கள், பெரிய சக்கரம் வைத்த சில வகைகள் அளவை மீறும். பஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு மடக்கு சைக்கிளுக்குத்தான் இடம், இரட்டை மாடி பஸ் என்றால் கீழ்த்தளத்தில் மட்டும். நிறுத்தத்தில் உங்களுக்கு முன்னால் இன்னொருவர் மடக்கு சைக்கிளோடு நின்றால், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.